கடலில்லாத ஊரின் கரைகள்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்கப் பல மணி நேரம் போக வேண்டும். ஆனாலும் நிலக்காட்சியைப் படமெடுப்பது என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தது ஒரு கடற்கரைப் படம்தான். கலிபோர்னியாவின் பாயின்ட் லோபோஸ் முனையில் எட்வர்ட் வெஸ்டன் எடுத்தது. அந்தப் படத்தில் கடலே இல்லை. அலை அரித்துத் தின்ற பாறையின் ஒரு பக்கம் மட்டும் சட்டம் முழுக்க நிறைந்திருந்தது. கரை இப்படியாவதற்கு எத்தனை காலம் அடிபட்டிருக்கும் என்று பார்த்தவுடனே கேட்கத் தோன்றியது.

காட்டியவர் மாஸ்டர். நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, பள்ளிக்கூடக் குழுப்படம் எல்லாம் எடுப்பார். கலர் வந்து பல வருடமாகியும் அவருடைய இருட்டறை மூடப்படவில்லை. காரணம், தேசிய அடையாள அட்டைக்கு அப்போது கறுப்பு வெள்ளைப் படம்தான் கேட்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் தலையில் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வரிசையில் வந்து உட்காருவார்கள். அந்த முகங்களைக் கழுவிக் காயப்போடும் வேலையில்தான் நான் சேர்ந்தேன். சிவப்பு விளக்கின் கீழே தட்டிலிருந்த வெற்றுத்தாளில் முதலில் தலைமயிரும் புருவமும், பிறகு கண்ணும், கடைசியில் கன்னத்தின் சாயலும் எழுந்து வரும். எது முதலில் வரும், எது தாமதிக்கும் என்று தெரிந்துகொண்டதே எனக்குக் கிடைத்த முதற்பாடம். இருட்டு சீக்கிரம் வந்துவிடும். வெளிச்சமான இடத்தின் நுணுக்கத்துக்குத்தான் பொறுத்திருக்க வேண்டும்.

வெஸ்டனைப் பற்றி மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். பேசும்போது ஒரே விஷயத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருவார். அந்த மனிதர் 1929 முதல் அந்தச் சிறிய முனைக்குப் போய்க்கொண்டே இருந்தார். நடுக்கவாதம் வந்து கை தளர்ந்த பிறகு, 1948இல், தன் கடைசிப் படத்தையும் அங்கேதான் எடுத்தார். அதன் பின் பத்து வருடம் கமராவைத் தொடாமலே இருந்து 1958இல் இறந்தார். "ஊர் ஊரா அலையாத. ஒரு எடத்த எடுத்துக்க. அது ஒனக்குப் பழகட்டும்" என்பார் மாஸ்டர்.

நான் எடுத்துக்கொண்ட இடம் ரிவஸ்டன். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாகப் பல்லேகம போகும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடக்கும் கணவாய் அது. மடக்கிய முட்டியின் கணுக்கள் மாதிரி சிகரங்கள் தெரிந்ததால் வெள்ளைக்காரன் வைத்த பெயர் நக்கிள்ஸ். சிங்களத்தில் தும்பர மலைத்தொடர். மிக உயரமான கொம்பனிய சிகரம் 1,906 மீற்றர். உயரத்தில் நுவரெலியா மலைகளுக்கு இது இளையதுதான். ஆனால் இலங்கையில் காற்றும் மேகமும் ஒன்றோடொன்று மோதுவதைக் கிட்ட நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று மேற்குப் பக்கத்தில் ஏறி வந்து கணவாயில் அடைத்து வெடிக்கும். மார்கழியில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி கிழக்கே லக்கலைப் பக்கமிருந்து ஏறும். எந்தப் பக்கம் மேகம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் நனைந்துகிடக்கும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் காற்று காய்ந்து மேகம் கண்முன்னே கரைந்துபோகும். ஒரே முகடு, ஒரு காலடி மழையில், மறு காலடி வெயிலில்.

மேலே மரங்கள் வளர மறுக்கின்றன. கீழ்க்காட்டில் தலையண்ணாந்து பார்க்கும் மரங்கள் இங்கே இடுப்பளவில் நின்றுவிடும். பாசி தொங்கும் கிளைகளெல்லாம் ஒரே திசையில் வளைந்திருக்கும். காற்று வீசாத அபூர்வமான காலையிலும் அந்த மரங்களைப் பார்த்தால் காற்று எங்கிருந்து வரும், எவ்வளவு பலமாக வரும் என்று சொல்லிவிடலாம். காற்றைப் படமெடுக்க முடியாது, காற்று செய்துவைத்ததை எடுக்கலாம் என்பதை அந்த மரங்கள்தான் எனக்குச் சொல்லித்தந்தன. வெஸ்டனின் பாறையும் அதைத்தானே சொன்னது?

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உணர்வு என்று நாம் பேசுவதில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. கமராவுக்குள் இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்குச் சொல்லும். வெள்ளை மேகத்தை அதற்குக் காட்டினால், வெளிச்சத்தைக் குறைத்து மேகத்தை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். மானி சொல்வதற்கு மேல் ஒரு ஸ்டொப், சில வேளை ஒன்றரை ஸ்டொப் கூட்டிக் கொடுத்தால்தான் மேகம் மேகமாக இருக்கும். அமெரிக்காவில் அன்சல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த மண்டல முறை இதைத்தான் ஒழுங்காகச் சொல்கிறது: காட்சியில் எந்த இடம் எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு வெள்ளையாக அச்சில் வர வேண்டும் என்று முன்கூட்டியே மனதில் பார்த்துவிட்டுப் பிறகு வெளிச்சம் கொடு. அடம்ஸ் 1927இல் யொஸமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது சிவப்பு வடிகட்டி போட்டு வானத்தைக் கறுப்பாக்கினார். வானம் அன்று கறுப்பாக இருக்கவில்லை. அந்தப் பாறையின் முன் நின்றபோது அவருக்குள் ஏற்பட்ட கனத்துக்கு அந்தக் கறுப்பு தேவைப்பட்டது.

எங்கள் மலையில் சிவப்பு வடிகட்டிக்கு அவ்வளவு வேலையில்லை. தூரத்து மலையின் நீலப்புகாரை அது வெட்டும், மூடுபனியை வெட்டாது. பனித்துளி எல்லா நிறத்தையும் ஒரேமாதிரிச் சிதறடிக்கிறது, எந்தக் கண்ணாடியாலும் அதை ஊடுருவ முடியாது. ரிவஸ்டனில் பனி வந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நானும் காத்திருந்தேன். முக்காலியின் நடுவில் பையைத் தொங்கவிட்டு, அது காற்றில் ஆடாமல் கல் கட்டி, காலில் அட்டை ஏறாமல் சவர்க்காரம் பூசிக்கொண்டு காத்திருந்தேன். லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும் ஊர் இது. வீட்டில் ஒரு தகரப்பெட்டிக்குள் சிறு பல்பு எரியவிட்டு அதற்குள் கமராவை வைத்திருந்தேன். லயத்தில் மின்சாரம் நின்ற இரவுகளில் பெட்டியைத் தூக்கி அடுப்படிச் சுவரோரம் வைப்பாள் அம்மா.

காத்திருப்பதில் வேறொன்றும் இருந்தது. பனி திறந்து ஒரு முகடு தெரியும் அரை நிமிடத்துக்குள் எதை எடுப்பதென்று முடிவுசெய்தாக வேண்டும். மாஸ்டர் கேட்கும் கேள்வி அப்போது காதில் விழும்: "மல எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒனக்கு அங்க என்ன நடந்திச்சு?" ஒரு நாள் புல் காற்றில் படுத்து எழும்புவதை எட்டில் ஒரு வினாடியில் எடுத்தேன். தாள்கள் கோடுகளாக இழுபட்டு, நடுவில் ஒரு குட்டை மரம் மட்டும் அசையாமல் நின்றது. அதைப் பார்த்து மாஸ்டர் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு பிரதி போடச்சொல்லி, அதைத் தன் மேசைக் கண்ணாடியின் கீழே வைத்துக்கொண்டார்.

கணவாயைத் தாண்டிச் சற்றுக் கீழே பிட்டவல பத்தனை. பாறைத்தட்டின் மேல் விரலளவு மண். மரம் வேர்விட இடமில்லை, அதனால் புல். புல்வெளி நடந்துகொண்டே போய்த் திடீரென்று செங்குத்துச் சரிவில் முடியும். மழைக்காலத்தில் கீழிருந்து மேகம் பொங்கி அந்த விளிம்பில் மோதிப் பின்வாங்கும். விளிம்பில் நின்றுதான் நான் கடற்கரையைக் கற்றேன். பாறையில் நீர் கசியும் இடங்களில் தட்டையான சிறு தவளைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நக்கிள்ஸைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். பாறையின் நிறத்திலேயே இருப்பதால் மிதித்துவிடக்கூடும். கண்ணைத் தரையில் வைத்து நடக்கப் பழகினேன். அந்தப் பழக்கம் படங்களிலும் வந்தது. வானத்தைக் குறைத்துக் காலடிக்கு இடம் கொடுக்கத் தொடங்கினேன்.

யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது இலேசான காரியமில்லை. ரிவஸ்டனில் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது. அதன் பக்கம் கமராவைத் திருப்பாமல் இருக்கவும், அடையாள அட்டையை மேல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும் பழகியிருந்தேன். படங்கள் எல்லாம் கிழக்கு நோக்கியே இருப்பதற்கு அழகியல் காரணம் எதுவுமில்லை. 2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகு மாஸ்டர் என்னைத் திருகோணமலைக்கு அழைத்துப் போனார். தம்புள்ளை, ஹபரணை வழியாகப் பஸ் பயணம். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் பாறை நேரே கடலுக்குள் இறங்குவதை அப்போதுதான் பார்த்தேன். கோட்டை வாசலைக் கடக்கும்போது கமரா பைக்குள்ளேயே இருந்தது. மேலே நின்று பார்க்க மட்டும் செய்தோம். அலை பாறையில் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் வேறு வேறு. மேகமும் அப்படித்தான். திரும்பி வந்து பத்தனை விளிம்பில் மேகம் இறங்கும்போது எடுத்தேன், ஏறும்போது எடுப்பதை விட்டுவிட்டேன். இறங்கும் மேகத்துக்குத்தான் உருவம் உண்டு.

இந்தப் படங்களை அம்மாவிடம் காட்டியது தற்செயல்தான். அம்மா ரத்தோட்டைக்கு மேலுள்ள தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். மலையும் பனியும் நிறைந்த படமொன்றைக் கையில் வாங்கி, கீழோரத்தில் சிறிதாகத் தெரிந்த தேயிலைச் சரிவை விரலால் தொட்டாள். "இது கவ்வாத்து வெட்டி ரெண்டாம் வருஷ மல. செடி இன்னும் இடுப்புக்கு வரல்ல. இந்தச் சரிவுல நிண்டு எடுத்தா முதுகு ஒடஞ்சிரும்." பிறகு பனியைப் பார்த்தாள். "இது பத்து மணிக்கு விட்டுரும். கங்காணி கூடை நிறுக்க வர்றதுக்குள்ள ஒலந்துரும்."

நான் எடுத்தது ஒரு மனநிலையை. அவள் அதில் ஒரு வேலைநாளைப் பார்த்தாள். இரண்டும் ஒரே படத்தில் இருந்தன. உணர்வு வெளிப்படும் நிலக்காட்சி என்று புத்தகங்கள் பேசும்போது, எடுப்பவனின் மனது மலையின் மேல் படிவதையே சொல்கின்றன. மலையின் மேல் ஏற்கெனவே பலருடைய மனதும் முதுகும் படிந்திருக்கின்றன என்பதை அன்று முதல் நான் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்ல இருப்பதும் அதுதான்.

அதற்குப் பிறகு பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். 19ஆம் நூற்றாண்டில் ஸ்கீன் நிறுவனமும் சார்ள்ஸ் ஸ்கோவனும் இலங்கையின் தோட்டங்களை எடுத்து ஆல்பங்களாக விற்றார்கள். தொழில் சுத்தமானது, கண்ணாடித் தட்டில் இலை இலையாகத் தெரியும். நம்மவர்களும் அவற்றில் நிற்கிறார்கள், பெரும்பாலும் சரிவின் அளவைக் காட்டுவதற்காக நிறுத்தப்பட்டவர்களாக. பெயர் இருக்காது. அந்தப் படங்களை வெறுக்க என்னால் முடியவில்லை, ஏனென்றால் என் கொள்ளுப்பாட்டி காலத்து உடம்புகளுக்கு வேறு சாட்சியம் அதிகமில்லை. ஆனால் அவற்றை எடுத்தவர் நின்ற மேட்டில் என் முக்காலியை வைக்க எனக்குப் பிடிக்காது. லயனல் வென்ட் வேறு வகை. வழக்கறிஞர், பியானோ வாசித்தவர், 1944இல் தம் நாற்பத்துநான்காவது வயதில் இறந்தவர். அவருடைய இலங்கைப் படங்களில் உடம்பும் வெளிச்சமும் சமமாக நிற்கும். சிலதில் இருட்டறையிலேயே ஒளியைப் புரட்டிப்போட்டிருப்பார். இருட்டறையில் செய்வது பொய் இல்லை என்ற துணிச்சல் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

அம்மா விரல் வைத்த அந்தச் சரிவுக்கு மேலே தேயிலை முடிந்து காடு தொடங்கும் கோடு ஒன்று படத்தில் தெரிகிறது. இயற்கை போட்ட கோடு என்று முன்பு நினைத்திருந்தேன். கோப்பிக்காகக் காட்டை வெட்டிக்கொண்டே மேலே போனவர்கள் ஏதோ ஓர் இடத்தில் நிறுத்த வேண்டி வந்தது. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் யோசனையின் பேரில் 5,000 அடிக்கு மேல் காடு வெட்டுவது தடுக்கப்பட்டது. மேற்காடு மிஞ்சியதில் அதற்குப் பங்குண்டு. அதற்குச் சில வருடம் முன்பே, 1869இல், கோப்பியில் இலைத்துரு நோய் கண்டிருந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்த 1880இல் அந்தப் பயிர் அழிந்துகொண்டிருந்தது. மிஞ்சிய காட்டின் நிழலில் பிறகு ஏலம் பயிரிட்டார்கள். 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமானது, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவும் ஒரு கோட்டுக்குள் இருக்கிறது. அந்தக் கோட்டை அச்சில் எவ்வளவு கறுப்பாக்குவது என்று தீர்மானிக்கும்போது இதையெல்லாம் நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்து வந்தவர்களின் பாதை அது. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளைதான் அவர்களுக்கு மலைநாட்டின் வாசல். முத்துமாரியம்மன் கோயிலையும் அந்த வருகையோடு சேர்த்தே எங்கள் வீட்டில் சொல்வார்கள். கடைசிப் பகுதியில் நானும் நடந்தேன். முகங்களை எடுக்கப் பலர் இருந்தார்கள். நான் பாதையோரத்தை எடுத்தேன். தம்புள்ளைக்குத் தெற்கே சமவெளி முடிந்து முதன்முதலாக மலை எழும்பும் இடங்களில் நின்று, நடந்து வந்தவனின் கண்மட்டத்தில், கமராவை உயர்த்தாமல் எடுத்தேன். அந்த மட்டத்திலிருந்து பார்த்தால் மலை அழகாக இல்லை. வழியை மறித்து நிற்கிறது.

இப்போது மாத்தளைக்கும் கரை இருக்கிறது. 2010களின் பிற்பாதியில் அம்பன் கங்கையை மறித்து மொரகஹகந்த நீர்த்தேக்கமும், களு கங்கையை மறித்து இன்னொன்றும் நிரம்பின. பல்லேகமவில் இருந்த பழைய லக்கலை நகரம் நீருக்குள் போய்விட்டது. கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் புதிய இடத்தில் எழும்பின. உலர்வலயத்தின் வயல்களுக்கு அந்த நீர் தேவை, அதை நான் மறுக்கமாட்டேன். வரட்சி மாதங்களில் நீர் இறங்கும்போது கரை தெரியவரும்: செம்மண் படிகள், உரிந்த பாறை, நின்றபடியே செத்துப்போன மரங்கள், நீருக்குள் நேரே இறங்கி மறையும் பழைய பாதை. இவ்வளவு கரடுமுரடான கரையை நான் வெஸ்டனின் படத்தில்தான் பார்த்திருந்தேன். அவருடைய பாறையை அலை செதுக்க யுகங்கள் ஆகியிருக்கும். இது ஒரு தலைமுறைக்குள் ஆன கரை.

களு கங்கைப் பக்கம் ஒரு நாள் மாலை முக்காலியை வைத்து நீண்ட வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வயதான சிங்கள விவசாயி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். எதை எடுக்கிறாய் மகன் என்று கேட்டார். செத்த மரத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, வெறும் நீர்ப்பரப்பில் ஓரிடத்தைக் காட்டி, தன் வீடு அங்கே இருந்தது என்றார். கமராவை அங்கே திருப்பினேன். நீரும் வானமும்தான் சட்டத்துக்குள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே சாம்பல் கொடுத்து, நடுக்கோடு மட்டும் மெலிதாகத் தெரியும்படி அச்சிட்டேன். நான் எடுத்தவற்றில் சிறந்தது அது என்று இன்றும் நம்புகிறேன்.

ஒரு பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதிய வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து நேரமெடுத்துப் பார்த்தார். நல்ல படம்தான், ஆனால் பின்னாலுள்ள மலைமுகடு இதில் இல்லையே என்றார். முகடு இருந்தால்தான், எந்தச் சிகரத்துக்கு நேர்கீழே வீடு, எந்தப் பள்ளத்துக்கு நேர்கீழே களத்துமேடு என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட முடியும். அடுத்த வாரம் அகல லென்ஸுடன் போனேன். முகடு முழுவதும் விழ, நீர் கீழ்ப்பாதியை நிறைக்க, கூர்மையாக எடுத்துப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். அவர் பேத்தியின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு நீலப் பேனையை வாங்கி, நீரின் மேல் ஒவ்வொரு புள்ளியாக வைக்கத் தொடங்கினார்: வீடு, கிணறு, புளியமரம், விகாரைக்குப் போகும் பாதை. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். கிணறு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று ஒருவர் சொல்ல, இல்லை என்று இவர் மறுக்க, இன்னும் மூன்று பிரதி வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள்.